ஏழு நட்சத்திர வாளுக்குப் பல் மருத்துவம்

செப்டம்பர் 14, சனி

இன்று மிங் வம்சத்தை வாங்கி வந்தேன். பழைய சாமான் சந்தையில், ஓடாத மின்விசிறி ஒன்றுக்கு அடியில் உறையோடு கிடந்தது. நேரான வாள், இரண்டு பக்கமும் விளிம்பு, தகட்டில் வரிசையாக ஏழு பித்தளைப் புள்ளிகள். வடக்கு வானத்து நட்சத்திரங்களாம். சீனர்கள் இதை ஏழு நட்சத்திர வாள் என்பார்கள். விற்றவன், "பழசு சார், ரொம்பப் பழசு" என்றான். நான் நானூறு ஆண்டு என்று மனத்துக்குள் குறித்துக்கொண்டேன். விற்கிறவனே அவ்வளவு துணியவில்லை.

பினாங்கில் பல் பிடுங்கிப் பிழைக்கும் மாசிலாமணிக்குச் சீன வாள் எதற்கு என்று கேட்பவர்களுக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. மற்ற டாக்டர்கள் கோல்ஃப் ஆடுகிறார்கள். எனக்கு வெயில் ஆகாது.

கீழே கிளினிக், மேலே வீடு. படியேறும்போதே மனைவி பவளம் பார்த்துவிட்டாள்.

"இன்னொண்ணா?"

"இது வேற மாதிரி, பவளம்."

"போன மாசமும் இதத்தான் சொன்னீங்க. வீடு பூரா கத்தி. ஒரு வெங்காயம் வெட்ட உருப்படியா ஒண்ணு இல்ல."

ஊரே என் முன்னால் வாயைத் திறக்கிறது. நான் மட்டும் இவள் முன்னால் திறப்பதில்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

கிளினிக் விடுமுறை. வாளை நோயாளி நாற்காலியில் படுக்கவைத்து, விளக்கை இழுத்து வைத்து, பிடியை எக்ஸ்ரே எடுத்தேன். பல்லுக்கான கருவி என்பதால் துண்டு துண்டாக எடுத்து ஒட்ட வேண்டியிருந்தது. தகட்டின் வால் பிடியின் கடைசிவரை போகிறது, நடுவில் ஒரே ஒரு ஆணி. சொத்தை எதுவும் இல்லை.

பிடிக்குச் சற்று மேலே விளிம்பில் ஆழமான ஒரு வெட்டு. பார்த்த உடனே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மிங் ஆட்சியைக் கவிழ்க்க வந்த மஞ்சு குதிரை வீரன் ஒருவன் மேலிருந்து வெட்டியிருக்கிறான். கீழே நின்ற மிங் வீரன் இந்த இடத்தில் தடுத்திருக்கிறான். எந்தக் கோணத்தில் வெட்டு விழுந்தது என்றுகூட அளந்து இரண்டு பக்கம் எழுதினேன். அந்த வீரனுக்குப் பெயர் வைக்காமல் விட்டது என் அடக்கம்.

தகட்டின் மேல்பாதியில் கருஞ்சிவப்பாக ஒரு காரை, அடுக்கு அடுக்காக. காரையைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. பழக்க தோஷம். பல் சுத்தம் செய்யும் கருவியை எடுத்து உட்கார்ந்துவிட்டேன். பவளம் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோனாள். முடித்தபோது வாள் விளம்பரத்தில் வரும் பல் மாதிரி சிரித்தது. சுரண்டிய தூளை நோயாளிகள் துப்பும் கிண்ணத்தில் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டேன்.

செப்டம்பர் 17, செவ்வாய்

வாளின் விளிம்பை லேசாகத் தொட்டேன். மிக லேசாக.

செப்டம்பர் 18, புதன்

நேற்று எழுதியதைத் திருத்த வேண்டும். மத்தியானம் முழுக்க லேசாகத் தொட்டேன். இன்றும் தொட்டேன். கிளினிக்கின் பின்கட்டில் அரைக்கிற கல் இருக்கிறது, பல் செட்டு தேய்ப்பதற்கு. அதில் வைத்தால் விளிம்பு எப்படி வருகிறது பார்க்கலாமே என்று தொடங்கியது. இப்போது காகிதத்தை மேலிருந்து போட்டால் இரண்டாகி விழுகிறது. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று எழுத நினைத்தேன். இருக்கிறது. அதனால் எழுதவில்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு

பழைய வாள் சேகரிப்பவர்கள் ஐந்து பேர் ஒரு வாட்ஸப் குழு வைத்திருக்கிறோம். தலைவர் வழக்கறிஞர் கனகேந்திரன். அவரைத் தேர்ந்தெடுத்தவரும் அவர்தான். குழுவுக்கு ஒரே சட்டம்: பழைய வாளைத் தீட்டக் கூடாது. தீட்டினால் அதன் வயது போயிற்று, தீட்டியவனுக்குக் குழுவில் இடம் போயிற்று. முன்பு ஈப்போக்காரர் ஒருவரை இதற்காகவே நீக்கினோம். அந்த மனிதர் கெஞ்சினார். முதலில் கை தூக்கியவன் நான்.

இன்று என் வாளின் படத்தையும் மஞ்சு குதிரை வீரனின் கதையையும் குழுவில் போட்டேன். கனகேந்திரன் உடனே கேட்டார்: "விளிம்பு புதிதாகத் தெரிகிறதே, டாக்டர்?"

"விளக்கு வெளிச்சம்" என்று பதில் போட்டேன். கூடவே ஒரு சிரிக்கும் முகமும்.

செப்டம்பர் 27, வெள்ளி

இரும்புக்கடை தியோ வந்தார். பல்லுக்காக அல்ல.

தியோ சீனர்தான், ஆனால் கூலிம் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் தமிழர்களோடு வளர்ந்தவர். அவர் தமிழ் என் தமிழைவிடச் சரளம். ஊசி போட்டால் "ஐயோ அம்மா" என்றுதான் கத்துவார்.

"டாக்டர், கனகேந்திரன் ஒரு போட்டோ காட்டினாரு. அது எங்க கோயில் கத்தி."

ஏழு நட்சத்திர வாள் எத்தனையோ உண்டு, ஒன்றைப்போல் ஒன்று இருக்கும் என்று பாடம் எடுத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பிடிக்கு மேலே உள்ள அந்த வெட்டைக் காட்டச் சொன்னார். காட்டினேன்.

"இது நான் போட்டது. ஒம்பது வயசுல. கோயில் பின்னாடி தேங்கா வெட்டிப் பார்த்தேன். அப்பா விட்டாரு பாருங்க ஒரு அறை, இன்னும் காதுல கேக்குது."

மஞ்சு குதிரை வீரன் குதிரையை விட்டு இறங்கிப் போய்விட்டான்.

கதை இதுதான். கடல் பக்கம் அவர்களுக்கு ஒரு சின்னக் கோயில். ஒன்பது அரச தெய்வங்களுக்கு ஆண்டுதோறும் ஒன்பது நாள் திருவிழா. ஒன்பதாம் நாள் தியோவின் அண்ணன் ஹொக் செங்குக்குச் சாமி வரும். அவர் இந்த வாளால் முதுகில் அடித்துக்கொள்வார். பிறகு நாக்கில் கீறி, அந்த ரத்தத்தால் மஞ்சள் தாளில் எழுதிக் கொடுப்பார். சனங்கள் அதை வாசலில் ஒட்டிக்கொள்வார்கள். ஆறு வருடத்துக்கு முன் கோயிலை இடித்துக் கட்டியபோது பழைய சாமான்களோடு வாளும் லாரியில் ஏறிப் போய்விட்டது. வேறு வாள் வாங்கிக் கொடுத்தார்கள். அதில் சாமி வரவில்லை. அன்றிலிருந்து ஒன்பதாம் நாள் பெரியவர் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

"வேற கோயிலுக்கு ஆளுங்க போயிட்டாங்க டாக்டர். அண்ணன் ஒண்ணும் சொல்றதில்ல. சாப்பாடுதான் கொறஞ்சிருச்சு. கத்தி உங்களோடதுதான், நீங்க காசு போட்டு வாங்கினது. ஒம்பதாம் நாள் மட்டும் குடுங்க."

தருகிறேன் என்றேன். வேறு என்ன சொல்வது? போகும்போது திரும்பி நின்றார்.

"இதுல செவப்பா இருக்குமே? எங்க தாத்தா காலத்துலேர்ந்து பூசின குங்குமமும் ரத்தமும். யாரு சுத்தம் பண்ணது?"

"விக்கிறவன் பண்ணியிருப்பான்" என்றேன்.

மூன்று தலைமுறையைத் துப்பும் கிண்ணத்தில் கழுவி ஊற்றியிருக்கிறேன். மத்தியானம் முழுக்க அந்தக் கிண்ணத்தைப் பார்க்கவே முடியவில்லை. நோயாளிகள் மட்டும் நன்றாகத் துப்பினார்கள்.

அக்டோபர் 2, புதன்

தியோ அண்ணனை அழைத்து வந்தார். எழுபத்தெட்டு வயது, ஒடிசல் தேகம், அதிகம் பேசமாட்டார். வாளை உறையிலிருந்து ஒரு சாண் மட்டும் இழுத்து, தம்பி போட்ட வெட்டின் மேல் கட்டைவிரலை வைத்தார். விரலை எடுக்க வெகுநேரம் ஆயிற்று.

"எளச்சிருச்சு" என்றார், தமிழிலேயே. அவ்வளவுதான்.

மாட்டிக்கொண்டால் வைத்தியம் பார்ப்பது என் வழக்கம். "உட்காருங்கண்ணே, பல்லைப் பார்த்திடலாம், சும்மா" என்றேன். மனிதர் வாயைத் திறந்தார். பற்கள் மோசமில்லை. ஈறுதான் பாவம். இடது கீழ்க் கோரைப்பல்லின் அடியில் வீங்கிப்போய், கண்ணாடியின் நுனி பட்டதும் ரத்தம். உடனே சுத்தம் செய்யலாம் என்றேன்.

"திருவிழா முடியட்டும்" என்று எழுந்துவிட்டார்.

ஒன்பதாம் நாள் வாளை வைத்திருப்பவனே கையில் ஏந்திக் கொண்டுவர வேண்டுமாம், அதுவரை சைவமாக இருக்க வேண்டுமாம்.

அக்டோபர் 3, வியாழன்

பவளத்தின் நவராத்திரியும் அவர்களுடைய ஒன்பது நாளும் இன்றே தொடங்குகின்றன. மீன் குழம்புக்கு எந்தப் பக்கமும் வழியில்லை.

அக்டோபர் 6, ஞாயிறு

மத்தியானம் கூட்டு பிரமாதம். பரங்கிக்காய்த் துண்டுகள் அளவெடுத்தது மாதிரி இருந்தன. அதைச் சொன்னேன்.

"அந்தப் புள்ளி போட்ட கத்தியாலதான் வெட்டினேன்" என்றாள் பவளம்.

"மிங் வாள்ல பரங்கிக்காயா?"

"முழுசா ஒரு காய். கத்திய மேல வச்சேன், அவ்வளவுதான். தானா எறங்கி, பலகையிலயும் பாதி எறங்கிருச்சு. உங்க கத்தியிலயே இது ஒண்ணுதான் வேலைக்கு ஆகும்." பிறகு என் இலையில் இன்னும் கொஞ்சம் கூட்டு வைத்தாள். "இதத்தான அந்தப் பெரியவரு முதுகுல அடிச்சிக்கப்போறாரு?"

பரங்கிக்காயின் தோல் எவ்வளவு தடிமன் என்று எல்லாருக்கும் தெரியும். எழுபத்தெட்டு வயது முதுகில் என்ன இருக்கிறது?

அக்டோபர் 7, திங்கள்

தியோவுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிடும் எண்ணத்தோடுதான்.

"அண்ணன் முதுகுல மெதுவாத்தான அடிப்பாரு?"

"மெதுவாவா? ஓங்கி அடிப்பாரு டாக்டர். சத்தம் ரோடு வரைக்கும் கேக்கும்."

"கத்தி கூரா இருந்தா?"

"சாமி வந்தா வெட்டாது."

"வரலன்னா?"

அந்தப் பக்கம் யாருக்கோ ஆணி நிறுத்துக் கொடுத்தார். "ஆறு வருசம் கழிச்சுக் கூப்பிடுறோம். வராமயா போயிடும்?" என்றார்.

சாமிமேல் எனக்கு நம்பிக்கை உண்டு. என் சாணைக்கல்மேல் அதைவிட அதிகம். அதைச் சொல்லாமல், கடைவாய்ப் பல் எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

அக்டோபர் 8, செவ்வாய்

"சொல்லிடுங்க" என்கிறாள் பவளம். பின்கட்டில் நான் அரைத்த சத்தம் அவளுக்கு அன்றைக்கே கேட்டதாம்.

"சொன்னா கனகேந்திரன் காதுக்குப் போயிடும், பவளம். தியோவும் அவரும் தெனம் ஒண்ணா டீ குடிக்கிறவங்க. ஈப்போக்காரன நானே கை தூக்கி வெளிய அனுப்பினேன்."

"ஒரு பெரிய மனுசன் முதுகு பெருசா, அஞ்சு பேரு பாக்குற போட்டோ பெருசா?"

இதற்கு இரண்டு பதில் கிடையாது. ஆனாலும் நான் இரண்டாவது பதில் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 9, புதன்

பவளம் சொல்வதில் பாதியைச் செய்வது என் வழக்கம். சொல்லவில்லை. செய்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் கிளினிக் கதவைச் சாத்திவிட்டு வாளை மறுபடி நாற்காலியில் படுக்கவைத்தேன். டிரில்லில் வைர முனையைப் பொருத்தி, பிடிக்கு மேலே தொடங்கி நுனிவரை, இரண்டு விளிம்பையும் உருட்டி மழுக்கினேன். இரும்பு வாசனை. தண்ணீர் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சூடேறிவிடும். பல்லுக்கும் அப்படித்தான்.

இனி இதை எந்தச் சேகரிப்பாளனும் தொடமாட்டான். தீட்டியது ஒரு கொலை என்றால் இது பிணத்தை அறுத்தது. நானூறு ஆண்டோ நூறு ஆண்டோ, என் கைக்கு வந்த ஒரே நல்ல வாள். பாதியில் நிறுத்தி அழுதேன். முகக்கவசம் போட்டிருந்ததால் மூக்கைத் துடைக்க முடியவில்லை.

பிறகு மிச்சப் பாதியையும் முடித்தேன். என் முன்கையில் ஓங்கி அடித்துப் பார்த்தேன். சிவந்தது, வெட்டவில்லை. துணியில் கிராம்புத் தைலம் தொட்டுத் துடைத்து வைத்தேன். கிளினிக்கில் வேறு எண்ணெய் இல்லை.

அக்டோபர் 10, வியாழன்

முன்கை கன்றிப்போயிருக்கிறது. "எங்க இடிச்சீங்க?" என்று பவளம் கேட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் மஞ்சள் பற்றுப் போட்டாள்.

அக்டோபர் 11, வெள்ளி

காலையில் ஆயுத பூஜை. பல் பிடுங்கும் குறடு, எக்ஸ்ரே கருவி, அரிவாள்மனை, கார் சாவி, சுவரில் இருந்த வாள்கள் எல்லாவற்றுக்கும் பவளம் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். ஏழு நட்சத்திர வாளுக்குத் தகட்டின் மேல்பாதியில், நான் சுரண்டிய இடத்தில், கொஞ்சம் அதிகமாகவே வைத்தாள்.

"அது வேற சாமிது, பவளம்."

"குங்குமம் எல்லாச் சாமிக்கும் ஒண்ணுதான்."

மாலையில் வெள்ளை வேட்டி சட்டையோடு வாளை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு கோயிலுக்குப் போனேன். கூட்டம் வாசலைத் தாண்டி ரோட்டில் நின்றது. வாள் கிடைத்த செய்தி பரவிவிட்டது, போனவர்கள் எல்லாம் திரும்பிவிட்டார்கள். எல்லாரும் வெள்ளை உடை. கனகேந்திரனும் வந்திருந்தார், கழுத்தில் பெரிய கேமராவோடு.

மேளம் அடித்தது. பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினார். முதலில் முழங்கால், பிறகு தோள், பிறகு தலை ஆடத் தொடங்கியது. சட்டென்று எழுந்தார். அது எழுபத்தெட்டு வயது ஆளின் எழுச்சி அல்ல. என் கையிலிருந்து வாளை வாங்கித் தலைக்கு மேலே சுழற்றி முதுகில் இறக்கினார். தியோ சொன்னது சரி, சத்தம் ரோடுவரை கேட்டிருக்கும். ஒவ்வொரு அடிக்கும் ஒரு சிவந்த வரி. வெட்டு இல்லை. கூட்டம் சாமி பெயரைச் சொல்லிக் கத்தியது. நானும் கத்தினேன், எந்தச் சாமி பெயர் என்று இப்போது ஞாபகமில்லை. என் வைர முனையை நினைத்து அவ்வளவு பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமை கொஞ்ச நேரம்தான். ஒருவர் மஞ்சள் தாள் கட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். மேளம் நின்றது. பெரியவர் நாக்கை நீட்டி அதன்மேல் வாளை வைத்து இழுத்தார்.

ஒன்றும் வரவில்லை.

முதுகைக் காப்பாற்றிய நான் நாக்கை மறந்துபோயிருந்தேன். இரண்டாம் தடவை இழுத்தார். நாக்கு வெள்ளையாகத்தான் இருந்தது. முன்வரிசையில் கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். ரத்தம் வராவிட்டால் சாமி வரவில்லை என்று ஆகிவிடும். ஆறு வருடம் நாற்காலியில் ஓரமாக உட்கார்ந்தவரை இத்தனை பேர் முன்னால் பொய்யாக ஆடியவர் ஆக்கிவிட்டேன். தியோ என்னைப் பார்த்தார். நான் என் வேட்டிக் கரையைப் பார்த்தேன். இப்போதாவது வாயைத் திற என்று எனக்கு நானே சொன்னேன், ஓரடி முன்னால் வைத்துவிட்டேன்.

பெரியவர் வாளை வாய்க்குள் குறுக்கே வைத்துக் கரும்பைக் கடிப்பதுபோல் கடித்தார். கடித்து, இடது பக்கமாக அழுத்தித் திருகினார்.

ரத்தம் வந்தது. கொஞ்சமல்ல, உதட்டில் வழிந்து நாக்கில் நிறைந்தது. கோயிலே அதிர்ந்தது. அவர் தாளை எடுத்து எடுத்து நாக்கால் இழுத்து எழுதினார். எல்லாரும் நாக்கைப் பார்த்தார்கள். நான் ஒருவன் மட்டும் ஈறுகளைப் பார்த்தேன். இடது கீழ், கோரைப்பல்லின் அடி.

இத்தனை கால வைத்தியத்தில் ஒருவருக்கு ஈறு நோய் இருப்பதற்காக நான் கையெடுத்துக் கும்பிட்டது இன்றைக்குத்தான்.

வாளைக் கோயிலிலேயே விட்டுவிட்டு வந்தேன். யாரும் கேட்கவில்லை. திரும்பக் கொண்டுவரக் கை வரவில்லை.

அக்டோபர் 12, சனி

விஜயதசமி. கோயிலில் எனக்குக் கிடைத்த மஞ்சள் தாளை வாசல் நிலையில் மாவிலைத் தோரணத்துக்குப் பக்கத்தில் பவளம் ஒட்டினாள்.

கனகேந்திரன் குழுவில் ஒரு படம் போட்டிருக்கிறார், வாளின் விளிம்பு, மிக அருகில். "இது டிரில் தடம் மாதிரி இருக்கிறதே, டாக்டர்?"

விளக்கு வெளிச்சம் என்று எழுதினேன். அழித்தேன். "ஆமாம், என் டிரில்தான். அதற்கு முன்னால் தீட்டியதும் நான்தான்" என்று அனுப்பினேன். மாலைக்குள் நீக்கிவிட்டார்கள். நால்வரும் கை தூக்கினார்களாம். ஈப்போக்காரரின் நம்பரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

இன்று காலை முதல் நோயாளி பெரியவர் ஹொக் செங். தனியாக பஸ்ஸில் வந்திருந்தார். திருவிழா முடியட்டும் என்றேனே, முடிந்துவிட்டது என்றார்.

நாற்காலியைச் சாய்த்தேன். விளக்கைப் போட்டேன். கருவியைக் கையில் எடுத்துவிட்டு அப்படியே நின்றேன். துப்பும் கிண்ணம் பக்கத்திலேயே இருந்தது.

"அண்ணே, அந்தச் செவப்பச் சுரண்டினது கடைக்காரன் இல்ல. நான்தான். கத்திய மழுக்கினதும் நான்தான்."

"தெரியும்" என்றார்.

"தியோ சொன்னாரா?"

"கடிச்சேன்ல. வாய் பூரா கிராம்பு வாசன." கூரையைப் பார்த்தபடியே தொடர்ந்தார். "செவப்பு மறுபடி ஏறும். ஒங்க வீட்டம்மா வேற ஆரம்பிச்சு வச்சிருக்காங்க."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. முகக்கவசத்துக்கு மேலே அது நன்றாகத் தெரியும். அவர் அதைக் கவனிக்காதவர்போல வாயை அகலத் திறந்தார். பிறகு விரலை உள்ளே விட்டு, இடது கீழ்க் கோரைப்பல்லைத் தொட்டுக் காட்டினார்.

"மத்ததெல்லாம் நல்லா சுத்தம் பண்ணுங்க, டாக்டர். இது மட்டும் அடுத்த வருசத்துக்கு இருக்கட்டும்."

ஈறு நோயை வைத்துக்கொண்டால் என்னவெல்லாம் ஆகும் என்று சொல்லத் தொடங்கினேன். அவர் வாயை மூடாமலே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதியில் நிறுத்தினேன். அந்த ஒரு பல்லைச் சுற்றிப் போய், மற்றதையெல்லாம் சுத்தம் செய்தேன்.

காரையைக் கண்டும் என் கை சும்மா இருந்தது இதுதான் முதல் தடவை.